வெறுங்கைக்குக் குலம் ஏது?

என் தங்கை மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு மூன்று மாதக் கராத்தே பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் எல்லோர் முன்பும் செய்து காட்டும் நாள் வந்தது. “பெரியம்மா, நீங்க வந்தே ஆகணும்” என்று சொல்லியிருந்தாள். போயிருந்தேன். மைதானத்தில் நல்ல வெயில். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெள்ளை உடை வாங்க யாரிடமும் பணம் இல்லை. சீருடைச் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முஷ்டியை இழுத்து வைத்து, ஒரு காலை முன்னே வைத்து, நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெண்பிள்ளைகள் சத்தம் போட அனுமதிக்கப்பட்ட மைதானத்தை நான் அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

பிறகு சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். இரண்டு விஷயங்கள் சொன்னார். “கராத்தே ஜப்பான்காரன் கலையில்ல. நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்தது. அது உங்க ரத்தத்துலயே இருக்கு.” இது ஒன்று. “பொண்ணுக்கு உயிரை விட மானம் பெரிசு. அதைக் காப்பாத்தத்தான் இந்தக் கலை.” இது இரண்டு. எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் தட்டினேன். திரும்பி வரும் பேருந்தில்தான் கை கூசியது.

அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சொன்ன இரண்டும் பொய். அதோடு, இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு முகங்கள். முதல் வாக்கியம் ஒரு கலைக்கு அப்பனைத் தேடுகிறது. இரண்டாவது வாக்கியம் அந்தக் கலையைக் கற்கிற பெண்ணின் உடம்பை அப்பன் வீட்டுச் சொத்தாக எழுதி வைக்கிறது. ரத்தம், குலம், மானம் ஆகிய மூன்றும் எப்போதும் சேர்ந்துதான் மேடை ஏறும். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் ரத்தத்தைப் பார்ப்போம்.

போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு ஒரு சீன நூலில் இருக்கிறது. லுவோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி யாங் சுவான்ஷி என்பவர் 547 வாக்கில் எழுதியது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அடுத்த பழைய சான்று தான்லின் என்ற துறவி எழுதிய முன்னுரை. அது அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயரோ பல்லவர் என்ற பெயரோ இரண்டிலும் இல்லை. இரண்டிலும் அவர் தியானம் செய்கிறார், கோயிலைப் பார்த்து வியக்கிறார், போதிக்கிறார். யாரையும் உதைக்கவில்லை. அவர் பெயரில் வழங்கும் ‘யிஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் 1624இல் எழுதப்பட்டது; அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு. அதற்கு எழுதப்பட்ட பழைய முன்னுரைகள் போலி என்று சீன அறிஞர்களே சொல்லிவிட்டார்கள். ஷாவொலின் மடத்துக் குத்துச்சண்டையைப் போதிதர்மர் உருவாக்கினார் என்ற கதையை ஊரெல்லாம் பரப்பியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு சீன நாவல். 2011இல் ‘7ஆம் அறிவு’ வந்த பிறகு நம் ஊரில் அதுவே வரலாறு என்றாகிவிட்டது. ஒரு நாவலுக்கும் ஒரு சினிமாவுக்கும் நடுவில் நம் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, கராத்தே எங்கிருந்துதான் வந்தது? ஒகினாவாவிலிருந்து. இன்று ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் அந்தத் தீவு, அன்று ரியூக்யூ என்ற தனி அரசின் நடுவிடம். சீனாவின் ஃபூஜியான் கரையோடு அதற்குத் தீராத கப்பல் போக்குவரத்து. சரக்கோடு ஆட்களும், ஆட்களோடு அடிமுறைகளும் வந்து இறங்கின. கொக்கைப் பார்த்து அமைத்த சீனக் கைமுறைகள், உள்ளூர்க்காரர்கள் ‘தே’ என்று அழைத்த கைச்சண்டையோடு கலந்தன. ‘தே’ என்றால் கை. கலந்து வந்ததைச் ‘சீனக் கை’ என்றே அழைத்தார்கள். வாங்கிய இடத்தைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை அது.

1609இல் ஜப்பானின் சத்சுமா படை அந்தத் தீவை அடக்கியது. 1879இல் ஜப்பான் அதை ஒரே அடியாக இணைத்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதொசு அன்கோ என்ற ஆசான் இந்தக் கலையைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார். சிறுவர்களுக்கு ஏற்ற மாதிரி சுருக்கி, ‘பினான்’ என்ற ஐந்து கட்டாக்களாக அமைத்தார். 1908இல் அவர் எழுதிய கடிதத்தில், இது படையில் சேரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார். நம் பள்ளி மைதானங்களில் வரிசையாக நிற்பது, எண்ணிக்கைக்குக் கைவீசுவது எல்லாம் அந்தப் பள்ளிக்கூடக் காலத்தின் பழக்கம். பழங்கால வீரர்கள் இப்படி வரிசையில் நின்று சண்டை போட்டதில்லை.

1922இல் ஃபுனகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர் தோக்கியோவுக்குப் போய்ச் செய்து காட்டினார். அங்கே ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அவருக்கு இடம் கொடுத்தார். வெள்ளை உடை ஜூடோவிலிருந்து வந்தது. பெல்ட்டும் ஜூடோவிலிருந்துதான் வந்தது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் உள்ள வண்ணங்கள் ஐரோப்பிய ஜூடோ வகுப்புகளில் வேர்விட்டவை. அந்த ஜூடோவும் சுயம்பு இல்லை; பல பழைய ஜுஜுத்சு முறைகளைக் கலைத்துச் சேர்த்து 1882இல் செய்தது.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். 1936 அக்டோபரில் ஒகினாவாவின் நாஹா நகரில் ஆசான்கள் கூடிப் பெயரை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். ‘சீனக் கை’ என்பது ‘வெறுங்கை’ ஆனது. ஜப்பானிய மொழியில் இரண்டையும் ‘கராத்தே’ என்றே ஒலிக்கலாம். ஒலி அப்படியே இருக்க, எழுத்தை மட்டும் மாற்றினார்கள். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு சீனாமீது முழுப் போர் தொடங்கியது. எதிரியின் பெயரை உச்சரித்துக்கொண்டு பயிற்சி செய்ய முடியாதல்லவா!

கதை அங்கே நிற்கவில்லை. ஜப்பானில் கராத்தே படித்துத் திரும்பிய கொரியர்கள் பலர் தங்கள் நாட்டில் பயிற்சிக்கூடங்கள் தொடங்கினார்கள். அவற்றிலிருந்து வந்ததற்கு 1955இல் ‘டேக்வாண்டோ’ என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வந்து ஒட்டிக்கொண்டது. ஜப்பானியர் சீனத்தை எழுத்திலிருந்து அழித்தார்கள். கொரியர் ஜப்பானை வம்சத்திலிருந்து அழித்தார்கள். நாம் எல்லோரையும் ஒரே வீச்சில் அழித்துவிட்டு உச்சியில் ஒரு பல்லவ இளவரசனை உட்கார வைத்திருக்கிறோம். எல்லா ஊரிலும் ஆண்கள் செய்வது ஒன்றுதான்: கலந்து பிறந்த குழந்தைக்குக் குலம் எழுதுவது.

தமிழ்நாட்டில் பரவிய முறைகளில் ஒன்று ‘இஷின்ரியூ’. சிகான் ஹுசைனி இங்கே அதன் தெரிந்த முகமாக இருந்தார். 1956இல் ஒகினாவாவில் ஷிமாபுகு தத்சுவோ என்பவர் இரண்டு வேறு பள்ளிகளின் முறைகளை எடுத்துக் கலந்து, குத்தும் விதத்தையே மாற்றி, அதை அமைத்தார். தீவில் முகாமிட்டிருந்த அமெரிக்க மரைன் படை வீரர்கள் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன் சின்னத்தில் இருப்பது ஒரு பெண். பாதி பெண், பாதி கடல்நாகம். ஒரு கை விரிந்திருக்கிறது. ஒரு கை முஷ்டியாக இருக்கிறது. நெஞ்சில் தைக்கும் துணியில் பெண் இருக்கிறாள். வகுப்பறைச் சுவரில் மாட்டிய ஆசான் படங்களில் ஒரு பெண்கூட இல்லை. இந்த ஒரு காட்சி போதும், கலப்பைக் கொண்டாடுகிறவர்கள்கூட வம்சாவளி எழுதும்போது யாரை விட்டுவிடுகிறார்கள் என்று காட்ட.

‘எங்கிருந்து வந்தால் என்ன, பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கட்டுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற ஊர்களில் இந்தக் கேள்வி பாதகமில்லாமல் இருக்கலாம். நெல்லையில் இல்லை. இங்கே பள்ளிக்கூடப் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதி சொல்ல முடியும். 2019இல் கல்வித் துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியபோது, அதை எதிர்த்துக் குரல் கொடுக்கவும் ஆள் இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. இந்தப் பிள்ளைகளிடம் போய் ‘உங்க ரத்தத்துல இருக்கு’ என்று மைக் வைத்துச் சொல்கிறோம். ரத்தத்தில் இருக்கிறது என்ற நினைப்புத்தானே அரிவாளைத் தூக்க வைத்தது?

பெல்ட்டும் நிறம்தான். கயிறும் நிறம்தான். ஆனால் பெல்ட்டில் ஒருவரும் பிறப்பதில்லை. பண்ணையார் மகளாக இருந்தாலும் முதல் நாள் வெள்ளைதான். மஞ்சள் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் வியர்க்க வேண்டும். கராத்தேயிடம் நான் மதிக்கிற அறம் இது ஒன்றுதான். அதைப் போதிதர்மர் கதை பறித்துவிடுகிறது. உழைத்து வாங்கியதைப் பிறப்பில் வந்ததாக மாற்றிவிடுகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றினாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேசினாலும் சிரித்தாலும் விரல் நிற்காமல் சுற்றுவாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாஸ்டர் வாரம் இரண்டு நாள் வந்து மொட்டை மாடியில் சொல்லிக் கொடுத்தார். பையன்கள் புரூஸ் லீ ஆகப் போனார்கள்; நான் பையன்கள் போனதால் போனேன். அம்மா பீடிக் கூலியிலிருந்து மாதச் சம்பளம் கட்டினாள். எங்கள் ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று நான் பார்த்த முதல் இடம் அந்த மாடி. சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குடம் வந்தால் யார் முதலில் குடிப்பது என்ற கணக்கு அங்கேயும் இருந்தது. ஆனால் ஜோடி பிரித்துச் சண்டை விடும்போது அந்தக் கணக்கு செல்லாது. கீழத்தெருக்காரி மேலத்தெருப் பையன் நெஞ்சில் உதைத்தாள். மாஸ்டர் ‘புள்ளி’ என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

பச்சை பெல்ட் வரைக்கும் போனேன். பதின்மூன்று வயதில் பெரியவளானேன். பதினாறு நாள் கழித்து உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். “ஏட்டி, எங்க கெளம்பிட்ட? பொட்டப்புள்ள காலைத் தூக்கி ஒதைக்கிற வயசா இது?” என்றாள். அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாஸ்டரும் கேட்டு வரவில்லை. அவருக்கும் அது இயல்பான விஷயம்தான். என் வெள்ளை உடையைச் சுருக்கித் தைத்துத் தம்பிக்குக் கொடுத்தார்கள். அவன் கறுப்பு பெல்ட் வாங்கினான். வீட்டுக் கூடத்தில் அவன் படம் இருக்கிறது.

ஆச்சிமீது எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். என் கோபம் வேறு. உடம்பைக் காக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்ன கலை, என் உடம்பு பெண்ணுடம்பு ஆன அன்றே என்னைக் கைவிட்டது. காக்க வேண்டிய பொருள் கிடைத்துவிட்டது. இனிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

இது எங்கள் ஊர்ப் புத்தி மட்டும் இல்லை. ஜூடோவின் தலைமைக்கூடமான கொடோக்கானில் ஃபுகுதா கெய்கோ 1935இல் சேர்ந்தார். 1953இல் ஐந்தாம் படி பெற்றார். பெண்ணுக்கு அதற்கு மேல் படி கிடையாது என்பது விதி. திறமை குறைந்த ஆண்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் ஐந்தாம் படியிலேயே நின்றார். 1972இல்தான் ஆறாவது கிடைத்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள். அன்று பெண்களின் கறுப்பு பெல்ட்டில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. இது முழுக் கறுப்பு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். நம் மணிக்கட்டுக் கயிற்றுக்கும் அந்தக் கோட்டுக்கும் வேலை ஒன்றுதான்.

ஆனால் கலப்பின் வரலாற்றில் பெண்கள் ஓரத்தில் நின்றவர்கள் இல்லை. லண்டனில் இரண்டு ஜப்பானியர்கள் காட்டிய ஜுஜுத்சுவைக் கற்ற ஈடித் காரட், ஐந்தடிகூட உயரமில்லாதவர். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். 1913க்குப் பிறகு, தலைவர்களைப் பிடிக்க வந்த போலீசாரைத் தடுக்க அந்தப் பெண்கள் காவல்படை அமைத்தார்கள். அவர்கள் காத்தது மானத்தை இல்லை, ஓட்டுரிமையை. இங்கே தாகூர் 1929இல் தகாகாகி ஷின்சோ என்ற ஜூடோ ஆசிரியரை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். மாணவர்களோடு மாணவிகளும் கற்றார்கள். இந்த மண்ணில் பெண்கள் ஜப்பானியக் கலை கற்ற வரலாறு தேட வேண்டுமானால் ஆறாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டாம். நூறு ஆண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை எந்த மேடையிலும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் இளவரசன் இல்லை.

இனி மானம்.

அந்தச் சிறப்பு விருந்தினரின் மனதில் ஒரு காட்சி ஓடுகிறது. இருட்டுச் சந்து. அந்நியன். தனியாக வரும் பெண். அவள் ஓர் உதை விடுகிறாள், அவன் விழுகிறான், அவள் மானத்தோடு வீடு போய்ச் சேர்கிறாள். கதவு மூடிக்கொள்கிறது. படம் முடிகிறது.

நம் வாழ்க்கையில் கதவு மூடிய பிறகுதான் படம் தொடங்குகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனிடம் அடியோ வதையோ பட்டிருக்கிறார்கள். காவல்துறையில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். மாமா, மச்சான், பக்கத்து வீடு, வாத்தியார். பயிற்சி கொடுப்பவரே கை வைத்த வழக்குகளும் இந்த மாநிலத்தில் நடந்திருக்கின்றன. தெரிந்தவனை உதைக்க எந்தக் கட்டா இருக்கிறது? ‘மாமா, கையை எடுங்க’ என்று சொல்ல எந்த வகுப்பில் பயிற்சி கொடுக்கிறார்கள்?

மானத்தைக் காப்பவர்கள் யார் என்றும் பார்த்துவிடலாம். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஒரு பட்டியல் சாதி மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் தம்பி போலீசில் சரணடைந்தார். வழக்கு நடக்கிறது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், இந்தப் பள்ளத்தாக்கில் மானம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அது பெண்ணின் உடம்பில் வைத்திருக்கும் சாதியின் வைப்புநிதி. அதைக் காப்பாற்றத்தான் கராத்தே என்றால், நாற்பது பிள்ளைகளையும் சொந்தச் சிறைக்குக் காவலாளியாக்க வெயிலில் நிறுத்தியிருக்கிறோம் என்று பொருள்.

தனியாள் உதையால் எட்ட முடியாத வன்முறையும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளத்தில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். பெண்கள் இருந்தார்கள், ஒரு சின்னஞ்சிறு குழந்தையும் இருந்தது. லத்திக்கு எதிராக எந்த பிளாக்கும் கிடையாது. கூட்டமாக நிற்பதும், கேள்வி கேட்பதும், மறக்காமல் இருப்பதும்தான் உண்டு. தற்காப்பு என்ற சொல்லை ஒருத்தியின் கைகாலுக்குள் சுருக்குகிறவர்கள் இதைப் பேச மாட்டார்கள்.

இங்கே நம் தோழிகளே எழுப்பும் எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. ‘அடிக்கிறவனைத் திருத்தாமல் அடிபடுகிறவளைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ன நியாயம்? நாளைக்கு ஒருத்தி தாக்கப்பட்டால், நீ ஏன் உதைக்கவில்லை என்று கேட்பார்கள்.’ கேட்பார்கள்தான். அந்தக் கேள்வியைக் கேட்கும் நீதிமன்றத்தையும் போலீசையும் எதிர்க்க வேண்டியது நம் வேலை. ஆனால் அதற்காகப் பயிற்சியைக் கைவிட நான் தயாரில்லை. ஒரு சான்று சொல்கிறேன். டொரான்டோவில் ‘வென்-டோ’ என்றொரு முறை உண்டு. 1970களிலிருந்து வளர்ந்தது. கராத்தேயிலிருந்தும் ஜுஜுத்சுவிலிருந்தும் பெண்களுக்குப் பயன்படுவதை மட்டும் பொறுக்கியது; பெண்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது. பெயரே கலப்பு: ஆங்கிலத்தில் பெண்களைக் குறிக்கும் சொல்லின் ஒரு துண்டும், ஜப்பானியத்தில் வழி என்று பொருள்படும் ‘டோ’வும். கனடாவில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவிகளுக்கு 12 மணி நேரப் பயிற்சி ஒன்று வடிவமைத்தார்கள். அதன் தற்காப்புப் பகுதிக்கு வென்-டோதான் அடிப்படை. 2015இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. பயிற்சி பெறாத மாணவிகளில் ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 9.8 விழுக்காடு, பெற்றவர்களில் 5.2 விழுக்காடு.

கிட்டத்தட்டப் பாதி. எப்படி? அந்த 12 மணி நேரத்தில் குத்தும் உதையும் ஒரு பகுதிதான். மீதி நேரம், தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தை ஆபத்தென்று ஒப்புக்கொள்வது, அவன் மனம் நோகுமே என்ற தயக்கத்தை விடுவது, தன் உடம்பு எதை விரும்புகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. மானம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. விருப்பம் என்ற சொல்லுக்குத்தான் வேலை. நம் மேடைகள் அந்தச் சொல்லைக் கேட்டால் மைக்கை அணைத்துவிடும்.

இன்னொரு எதிர்வாதம், மரபுக்காரர்களுடையது. ‘சிலம்பம் இருக்க, வர்மம் இருக்க, வெளிநாட்டுக் கலை எதற்கு?’ சிலம்பம் அழகு. கம்பு சுற்றும் பெண்ணைப் பார்ப்பது எனக்குத் திருவிழா. தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: நம் மரபு நம் மரபு என்கிற நீங்கள், உங்கள் ஊர்க் கொடையில் எத்தனை பெண்கள் கையில் கம்பு கொடுத்தீர்கள்? ஆசான் வீட்டுத் திண்ணையில் எந்தெந்தத் தெருக்காரர்கள் உட்கார முடிந்தது? வெளியிலிருந்து வந்த கலைக்கு எங்கள் ஊர்த் தெருக்களின் பெயர் தெரியாது. அந்த அறியாமைதான் எனக்குப் பச்சை பெல்ட் வரைக்கும் வழி விட்டது. அதற்கு நம் குலப்பெயரைச் சூட்டி உள்ளே இழுத்துக்கொண்டால், நாளைக்கு அதுவும் தெருப்பெயர் கேட்கும்.

ஆகவே என்ன வேண்டும் என்பதைப் பட்டியலாகவே சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவிகளுக்கு இந்தப் பயிற்சி தர ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. ராணி லட்சுமிபாய் பெயரில். பெயரிலும் அரச குலம்தான்! ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய், மூன்று மாதம். அந்தப் பணத்தில் இரண்டு கட்டாவும் நாலு பிளாக்கும் வரும். பதின்மூன்று ஆண்டு பழகிய பயம் போகாது. ஆண்டு முழுவதும் வேண்டும். பெண் பயிற்சியாளர்கள் வேண்டும். பச்சை பெல்ட்டோடு நிறுத்தப்பட்டவர்கள் நாங்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். எங்களைத் தேடிப் பிடித்து மேலே பயிற்சி கொடுத்து வேலைக்கு வையுங்கள். வகுப்பில் முதல் பாடம் குத்து வேண்டாம். ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்வது முதல் பாடமாகட்டும். மாமாவிடம், வாத்தியாரிடம், பயிற்சியாளரிடம் சொல்லிப் பழகட்டும். பையன்களுக்கும் அதே மைதானத்தில் வகுப்பு நடக்கட்டும். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் கையை எடுப்பது அவர்களுக்கு முதல் கட்டா. கலையின் வரலாற்றை உள்ளபடி சொல்லுங்கள்: சீனக் கரையிலிருந்து வந்தது, தீவில் கலந்தது, பள்ளி வாத்தியார்கள் சுருக்கியது, ஜூடோவிடம் உடை கடன் வாங்கியது, பெயரை மாற்றிக்கொண்டது, கப்பலேறி வந்து அம்பாசமுத்திரத்து மொட்டை மாடியில் என் காலில் ஏறியது. இதில் எந்த இடத்திலும் ரத்தம் இல்லை. எல்லா இடத்திலும் யாரோ யாருக்கோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று பேருந்தில் தங்கை மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவை இன்னும் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை. பாலத்தைக் கடக்கும்போது கேட்டாள்: “பெரியம்மா, அந்த சார் சொன்னது நெசமா? நம்ம ரத்தத்துலயே இருக்கா?”

“இல்லட்டி. ரத்தத்துல ஒண்ணும் இல்ல. மூணு மாசம் வெயில்ல நின்னேல்லா, அதுலதான் இருக்கு.”

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ நாலாவது மாசம் யாரு சொல்லித் தருவா?”